விளக்கு கொல்லுமா? கொல்கிறது!

விளக்கில் விட்டில் பூச்சி விழும். பறவை விழுமா? விழுகிறது!

அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் கவாய் என்று ஒரு தீவு. அங்கே மலைப் பொந்துகளில் 'நியூவெல் ஷியர்வாட்டர்' என்ற கடல் பறவை குஞ்சு பொரிக்கிறது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, குஞ்சுகள் முதல் தடவையாகக் கடலை நோக்கிப் பறக்கும். அதுவும் ராத்திரியில்!

வழியில் ஓட்டல் விளக்கு, மைதான விளக்கு. வந்தது வினை! குஞ்சு விளக்கையே சுற்றிச் சுற்றிக் களைத்து, தரையில் பொத்தென்று விழுகிறது. சமதரையிலிருந்து எழும்பிப் பறப்பது அதற்குப் பெரும்பாடு. பூனை கவ்வுகிறது, கார் நசுக்குகிறது.

1993-க்கும் 2013-க்கும் இடையே அந்தத் தீவில் இந்தப் பறவை சுமார் 94 சதவீதம் குறைந்துவிட்டது. மின்கம்பி, பூனை, எலி என்று வேறு எமன்களும் உண்டு. ஆனால் ஸ்விட்சைத் தட்டினால் அடங்கும் எமன் விளக்கு ஒன்றுதான்!

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1979 முதல் விழுந்த குஞ்சுகளை எடுத்துக் காப்பாற்றிப் பறக்க விடுகிறார்கள். விளக்குகளுக்கு மேல்மூடி போட்டுப் பார்த்ததில், விளக்கைத் தேடி வரும் பறவை சுமார் 40 சதவீதம் குறைந்தது என்று 1985-ல் வெளியான ஆய்வு சொன்னது. 2010-ல் இரவு நேரப் பள்ளி ஃபுட்பால் பந்தயங்களையே பகலுக்கு மாற்றினார்கள்.

கவாய் எங்கே, பெசன்ட் நகர் எங்கே என்று கேட்கலாம். இங்கேயும் அதே கதைதான். பறவைக்குப் பதில் ஆமைக் குஞ்சு!

பங்குனி ஆமையின் குஞ்சுகள் மணலை விட்டு வந்ததும் வெளிச்சம் தெரியும் பக்கம் ஓடும். கடலுக்குப் போக வேண்டியது, தெருவிளக்கைப் பார்த்து ரோட்டுக்கு வருகிறது. 1988 முதல் சென்னையில் மாணவர்கள் ராத்திரியில் கடற்கரையெல்லாம் நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கிறார்கள். அவர்கள் நடையாய் நடக்க, விளக்கு கெடுக்க வேண்டுமா?

தெருவை இருட்டாக்கினால் திருடனுக்குக் கொண்டாட்டம் என்பார்கள். நியாயம்தான். தெருவை இருட்டாக்க வேண்டாம். விளக்குக்கு மூடி போடட்டும். வெளிச்சம் ரோட்டில் விழட்டும். மணலில் விழ வேண்டாம்.

முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் ஜனவரி முதல் மே வரை, கடலைப் பார்த்த விளம்பரப் பலகை, மாடி விளக்குகளை ராத்திரி 11 மணிக்கு மேல் அணைக்கலாம். அந்த நேரத்தில் விளம்பரத்தை யார் படிக்கிறார்கள்?

கரண்ட் பில்லும் மிச்சம், உயிரும் மிச்சம். மாநகராட்சி யோசிக்கட்டும். கடலோரத்து வீட்டுக்காரர்கள் இன்றைக்கே ஸ்விட்சில் கை வைக்கட்டும்!