“பார்டர்லதான் இருக்கு” என்பவர்களுக்கு

முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையும் உண்டு, 2010-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு திரும்புகிறவர்கள் பலர் சொல்வது ஒன்றுதான்: “சுகர் இல்லீங்க, பார்டர்லதான் இருக்கு.” ஏதோ பரீட்சையில் தேறிவிட்ட நிம்மதி அதில் தெரியும். அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை.

“பார்டர்” என்பது ரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 100 முதல் 125, குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 140 முதல் 199, மூன்று மாதச் சராசரி 5.7 முதல் 6.4 சதவீதம். இந்த வரம்புக்குள் இருப்பவருக்கு நீரிழிவு வந்துவிடவில்லை என்பது உண்மையே. அது அப்படியே நின்றுவிடும் என்பதுதான் தவறு. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் இப்படிப்பட்ட 531 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்ட பிரிவில் 3 ஆண்டுக்குள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு நோயாளி ஆகிவிட்டார்கள். அமெரிக்காவில் நடந்த இதேபோன்ற ஆய்வில் அது 29 பேர்தான். நம் உடம்பு அந்த எல்லையில் அதிக காலம் காத்திருப்பதில்லை.

“அளவைக் குறைத்துக் குறைத்து ஊரையே நோயாளி ஆக்குகிறார்கள், எல்லாம் மாத்திரை விற்கத்தான்” என்பது படித்தவர்களின் வாதம். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. வெறும் வயிற்று அளவை 110-லிருந்து 100-க்கு இறக்கியது அமெரிக்க நீரிழிவுச் சங்கம், 2003-இல். உலக சுகாதார நிறுவனம் இன்றும் 110 என்றே வைத்திருக்கிறது. ஆனால் சென்னை ஆய்வுக்கு ஆட்களைத் தேர்ந்தது இரண்டு மணி நேர அளவை வைத்து; அதில் இரு அமைப்புகளுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. மாத்திரை வியாபாரம் என்ற குற்றச்சாட்டுக்கும் அதே ஆய்வில் பதில் இருக்கிறது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் 39 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 40 சதவீதத்தினருக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தும் கூடுதல் பலன் இல்லை. உடல் எடை பெரிதாகக் குறையாமலே நடையும் உணவுக் கட்டுப்பாடும் பலன் தந்தன என்பதை, “எனக்கு எடையே குறையமாட்டேங்குது” என்று அலுத்துக்கொள்கிறவர்கள் கவனிக்க வேண்டும். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடப்பதால் எந்தக் கம்பெனிக்கு லாபம்?

“காடு கழனியில் உழைக்கிறவனுக்கு இதெல்லாம் வராது.” வருகிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, நீரிழிவுக்கு முந்தைய நிலையில் பெரியவர்களில் 15.3 சதவீதம் பேர், அதாவது சுமார் 13.6 கோடிப் பேர் இருப்பதாகக் கணக்கிட்டது. நீரிழிவு நகரத்தில் அதிகம்தான். இந்த முந்தைய நிலையில் மட்டும் கிராமமும் நகரமும் ஏறக்குறைய சமம். நாளைய நோயாளிகள் கிராமத்தில் காத்திருக்கிறார்கள் என்று பொருள்.

வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் ஒன்றும் செய்யாது என்பதும் ஆறுதலுக்குச் சொல்வதுதான். இரண்டும் அதே கரும்பு. சோற்றை விட்டுக் கேழ்வரகுக்கு மாறினாலும், தட்டில் மாவுச்சத்தின் மொத்த அளவு குறையாவிட்டால் பெரிய மாற்றம் இராது. குறைத்த சோற்றின் இடத்தில் பயறு, சுண்டல், முட்டை, மீன், காய் வரட்டும்.

“உடம்புக்கு ஒண்ணும் பண்ணலையே” என்பது கடைசி வாதம். மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில், நீரிழிவே வராதவர்களிலும் நூற்றுக்கு 8 பேருக்கு விழித்திரையில் பாதிப்பு தொடங்கியிருந்தது. அவர்களுக்கும் அது தெரியாது.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்தபோது விரலில் குத்திப் பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். வெறும் வயிற்று அளவு சரியாக இருந்து, இரண்டு மணி நேர அளவு மட்டும் ஏறியிருப்பவர்கள் நம்மிடையே பலர். உங்கள் சீட்டில் ‘பார்டர்’ என்று வந்தால் இரண்டு அளவையும் கேட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் பாருங்கள். நடையை நாளைக் காலையிலேயே தொடங்குங்கள்.