அவியலும் ஆடும் பாம்பும்

அவியலை வேண்டாமென்று ஒதுக்கும் வீடு நம் வலியசாலையில் ஒன்றேனும் இருக்குமென்று நாம் நம்பவில்லை. தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து குடியேறிய நம் முன்னோர், தாம் கொண்டுவந்த சாம்பாரோடும் ரசத்தோடும் இந்நாட்டு அவியலையும் இலையில் சேர்த்துக்கொண்டு பல தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆயினும் இம்மாதம் நாம் எழுதப் புகுந்த அவியல் இலையில் பரிமாறப்படுவது அன்று, செவியில் வார்க்கப்படுவது.

2003-ஆம் ஆண்டு கேரளத்து இளைஞர் சிலர் கூடி, 'அவியல்' என்னும் பெயரில் ஒரு ராக் இசைக்குழுவை அமைத்தனர். 2008-இல் மும்பை ஃபாட் ஃபிஷ் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் அவர்களுடைய எட்டுப் பாடல்களைக் குழுவின் பெயராலேயே ஓர் இசைத்தட்டாக வெளியிட்டது. பாடியவர் டோனி ஜான். கிடார் ரெக்ஸ் விஜயன். டிரம் மிதுன் புத்தன்வீட்டில். பேஸ் கிடார் நரேஷ் காமத். முழுத் தொகுப்பு என்று அவர்கள் தந்தது அது ஒன்றே.

அதற்கு முன் கேரளத்தில் பெயர்பெற்றிருந்த 13 ஏ.டி., மதர்ஜேன் ஆகிய குழுக்கள் ஆங்கிலத்திலேயே பாடின. ராக் இசைக்கு ஆங்கிலமே பொருந்தும், தாய்மொழி அதில் ஒட்டாது என்பது அந்நாளில் பலரும் கொண்டிருந்த எண்ணம். இவர்களோ மலையாளத்திலேயே பாடினர். அதிலும் புதுச் சொற்களை மட்டும் நம்பாமல் பழம் பாட்டுகளைத் தேடிப் போயினர். 'கறுகறெ' என்னும் பாடலின் சொற்கள் காவாலம் நாராயணப் பணிக்கருடையவை. அரவிந்தன் இயக்கிய 'கும்மாட்டி' என்னும் படத்தில் 1979-லேயே ஒலித்தவை.

இனி, ஓசையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மேனாட்டில் ஆலை இயந்திரங்களின் இரைச்சலையே இசையாக்கும் ஒரு வகை உண்டு. 1976-இல் இங்கிலாந்தில் திராபிங் கிறிஸில் என்னும் குழுவினர் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரே, 'தொழிற்சாலை இசை' என்று பொருள்படும்படி அவ்வகைக்கு வழங்கலாயிற்று. அவியல் குழு அவ்வகையைச் சேர்ந்தது அன்று என்பர் அறிந்தோர். நம் தெருப் பெரியவர்களின் காதுக்கு இரண்டும் ஒன்றே!

அதில் வியப்பில்லை. நவராத்திரி மண்டபத்துக் கச்சேரியில் பழகிய செவிகள் நம்முடையவை. அங்கே கைதட்டல்கூடக் கூடாது. விட்டத்தில் கவிழ்த்துத் தொங்கவிட்ட மட்பானைகள் வித்துவானின் குரலைச் சபைக்கு ஏந்தித் தரும். ஆனால் அந்த மண்டபத்திலும் மாறாதது என்று எண்ணியது மாறியிருக்கிறது. பெண் குரலே கேட்டிராத அவ்விடத்தில் 2006-ஆம் ஆண்டு முதன்முதலாகப் பாடியவர் நம் வலியசாலையில் வாழ்ந்த பாறசாலை பொன்னம்மாள் அன்றோ! 2021-இல் அவர் மறைந்தபோது நம் தெரு முழுதும் பெருமையோடு அதனை நினைவுகூர்ந்தது. 2006-இல் எத்தனை பேர் முணுமுணுத்தனர் என்பதை மட்டும் யாரும் பேசவில்லை.

நமக்குப் பழக்கமான ஒரு வீட்டில் மகன் 2008-இல் இந்த இசைத்தட்டை வாங்கி வந்தான். ஒரு பாட்டுக்குமேல் தாத்தாவால் பொறுக்க முடியவில்லை. தட்டு பரணுக்குப் போயிற்று. அவர் செய்தது சரியே என்று அப்போது சொன்னவர்களில் நாமும் ஒருவர். அண்மையில் பன்னிரண்டு வயதுப் பேத்தி அதைக் கண்டெடுத்தாள். ஒருநாள் கூடத்திற்கு வந்து, "தாத்தா, இந்த 'ஆடு பாம்பே' யார் எழுதினது, தெரியுமா?" என்று கேட்டாள். தாத்தா தெரியாது என்றார். "ஸ்ரீ நாராயண குரு!" என்றாள் அவள்.

உண்மைதான். அப்பாடலின் சொற்கள் குருதேவரின் 'குண்டலினிப் பாட்டு'. கிடாரும் டிரம்மும் முழங்க இளைஞர் கூட்டம் குதித்தாடும் அப்பாட்டு, மூலாதாரத்தில் சுருண்டு கிடக்கும் குண்டலினி சக்தியைப் பாம்பாக உருவகித்து எழுப்பும் யோகப் பாட்டு. பாம்பை ஆடச் சொல்லிப் பாடும் முறையைத் தமிழர் எவரும் உடனே அறிவர். நம் பாம்பாட்டிச் சித்தர் பாடிய நெறி அது. 1856-இல் செம்பழந்தியில் பிறந்த குருவுக்குத் தமிழ் நன்கு தெரியும். தமிழில் தேவாரப் பதிகங்கள் இயற்றினார். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளமாக்கினார். அவரும் சட்டம்பி சுவாமிகளும் யோகம் பயின்றது தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம். அத்தமிழ்ப் பெரியார் 1909-இல் சமாதியடைந்த இடத்தில் எழுந்த சிவாலயம், நம் தெருவிலிருந்து நடந்துபோகும் தொலைவில்தான் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

இசைத்தட்டின் பின்வரலாறு சுருக்கமானது. இளைஞர் அதை நெஞ்சில் ஏற்றுக்கொண்டனர், மேடைகள் பெருகின. 2011-இல் 'சால்ட் அண்ட் பெப்பர்' படத்தில் 'ஆனக்கள்ளன்' என்னும் பாடலைக் குழுவினர் அளித்தனர். அவ்வாண்டு 'சாப்பா குரிசு' தொடங்கி ரெக்ஸ் விஜயன் திரைப்பட இசையமைப்பாளராக உயர்ந்தார். இரண்டாவது தொகுப்புக்குக் காத்திருந்தோர் முதலாவதையே திரும்பத் திரும்பக் கேட்டு வருகின்றனர். பாடல்களில் சில நமக்கு இன்னும் தலைவலியே, அதை மறைப்பானேன்?

அந்த வீட்டுச் செய்தியை முடித்துவிடுவோம். பேத்திக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பாம்பாட்டிச் சித்தர் பாடியதைப் பார்க்க வேண்டுமென்று அவள் பிடிவாதம் செய்யவே, தாத்தா நம் சங்க நூலகத்திலிருந்து சித்தர் பாடல் நூலை எடுத்துச் சென்றார். முதலில் அவர் படித்துக் காட்டினார். இப்போது அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாளாம். நூலின் தவணை கடந்து மூன்று மாதம் ஆகிறது. நூலகப் பொறுப்பாளர் அபராதம் கேட்கவில்லை, நாமும் நினைவூட்டவில்லை.