பாவம் பார்த்தது போதும், பின்சீட்டில் ஒழுங்காக உட்காருங்கள்!

முதலில் ஒரு கேள்வி. சைடு வீல் மாட்டிய ஸ்கூட்டரில், ஓட்டுபவருக்குப் பின்னால் நீங்கள் எப்போதாவது உட்கார்ந்து போயிருக்கிறீர்களா?

அந்த வண்டியைப் பார்த்திருப்பீர்கள். வழி விட்டிருப்பீர்கள். 'பாவம்' என்று மனதுக்குள் சொல்லியும் இருப்பீர்கள். ஆனால் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். கோபம் வேண்டாம், இரண்டு வருஷம் முன்பு வரை நானும் உங்கள் கட்சிதான் :-)

என் மாமாவுக்கு (அம்மாவின் தம்பி) திருத்தங்கலில் வீடு, சிவகாசியில் அச்சகத்தில் வேலை. ஒன்றரை வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. நாற்பது வயது வரைக்கும் எங்கே போனாலும் யாராவது ஒருவரின் பைக்கில் பின்சீட்டு. பிறகு தவணையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கி, பட்டறையில் கொடுத்து இரண்டு பக்கமும் சக்கரம் மாட்டிக்கொண்டார். சட்டப்படி அது நாலு சக்கரமா, மூணு சக்கரமா என்று என்னிடம் கேட்காதீர்கள். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் 'மூணு சக்கர வண்டி', அவ்வளவுதான்.

ஒருநாள் இரவு நான் காலேஜிலிருந்து வந்து சிவகாசி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். மாமா வண்டியோடு நின்றிருந்தார். ஊன்றுகோலை என் கையில் கொடுத்து, "ஏறு மாப்ள" என்றார். ஏறினேன். முதல் திருப்பத்திலேயே வண்டி என்னை வெளியே தூக்கி எறிவது போல இருந்தது. பயத்தில் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். ஹேண்டில் ஆடியது. டீக்கடை பெஞ்சுக்கு ஒரு முழம் பக்கத்தில் போய்த் திரும்பினோம். பைக்கில் பழகிய பழக்கத்தில் இடது காலைத் தரையில் ஊன்றப் பார்த்தேன். பக்கச் சக்கரம் வந்து செருப்பைக் கவ்வியது. செருப்பு போச்சு, கால் தப்பித்தது.

மாமா நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "மாப்ள, இது பைக் இல்ல. இது சாயாது. சாயிறது உன் வேலை" என்றார். திட்டவில்லை.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? "உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம், நான் ஆட்டோல வந்துர்றேன்" என்று போனில் சொன்னேன். அவர் "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

இந்தப் பதிவே அந்த 'சிரமம்' என்ற வார்த்தையைப் பற்றித்தான்.

சிரமம் அவருக்கா? இல்லை. அவர் தினமும் ஓட்டுகிற வண்டி, தினமும் போகிற ரோடு. பயந்தது நான். என் பயத்துக்கு அவருடைய கால் பெயரைச் சூட்டிவிட்டேன். விசாரித்துப் பார்த்தால் எல்லோரும் இதையே செய்திருக்கிறார்கள். அச்சகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள், பக்கத்து வீட்டுக்காரர், ஏன், என் அத்தை கூட. வாழ்நாள் முழுக்க மற்றவர் வண்டியில் ஏறிப் போன மனிதர், முதல் தடவையாக "வாங்க, நான் கொண்டு விடுறேன்" என்று சொல்லும் நிலைக்கு வந்தார். ஊரே கூடி மரியாதையாக, அன்பாக, சிரித்த முகத்தோடு "வேணாம்ணே, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்லிவிட்டது. உதவி வாங்குகிற ஆளாக இரு, கொடுக்கிற ஆளாக ஆகாதே என்பதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது.

"அதெல்லாம் சரி தம்பி, நிஜமாவே பயமா இருக்கே, என்ன பண்றது?" என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. பயம் தப்பில்லை. பயத்துக்குக் காரணம் என்ன என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் தப்பு. மெக்கானிக்கல் படிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கணக்கு பிடிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.

பைக் திருப்பத்தில் உள்பக்கமாகச் சாயும். நீங்களும் அதோடு சாய்வீர்கள். அதனால் பக்கவாட்டில் யாரோ தள்ளுவது போல உங்களுக்குத் தோன்றாது. சைடு வீல் வண்டி சாயாது, நிமிர்ந்தபடியே திரும்பும். 20 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவை 30 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால், 60 கிலோ எடையுள்ள ஆளைக் கிட்டத்தட்ட 21 கிலோ அளவுக்கு வெளிப்பக்கம் இழுப்பது போல இருக்கும். அதே வளைவில் வேகம் 20 என்றால் அந்த இழுப்பு ஒன்பதரைக் கிலோ கூட வராது. வேகத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, இழுப்பில் குறைந்தது பாதிக்கு மேல். அன்று என்னைத் தூக்கி எறியப் பார்த்தது இந்தக் கணக்குதான். மாமாவின் காலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஊரிலேயே நன்றாக ஓட்டுகிறவர் ஓட்டினாலும் அந்த இழுப்பு அதேதான்.

ஆக, பழக வேண்டியது பின்னால் உட்காருபவர். செலவே இல்லாத பாடம் இது. மாமாவிடம் கற்றதைக் கீழே போட்டிருக்கிறேன்.

1. ஓட்டுபவரைப் பிடிக்காதீர்கள், வண்டியைப் பிடியுங்கள். சீட்டுக்குப் பின்னால் கம்பி இருக்கும், இல்லையென்றால் பட்டறையில் சொல்லி மாட்டலாம். ஓட்டுபவருக்கு இடுப்பிலோ முதுகிலோ பலம் குறைவாக இருக்கலாம். நீங்கள் தோளை இழுத்தால் அது நேராக ஹேண்டிலுக்குப் போகும்.

2. திருப்பம் வருகிறது என்றால் முன்கூட்டியே உடம்பைக் கொஞ்சம் உள்பக்கம் சாயுங்கள். வலது பக்கம் திரும்பினால் வலது பக்கம். வண்டி சாயாது, நீங்கள்தான் சாய வேண்டும். வெளிப்பக்கம் சாய்ந்தால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கப் பார்க்கும்.

3. காலைத் தரையில் ஊன்றாதீர்கள். சிக்னலில் நின்றாலும் சரி, பள்ளத்தில் ஆடினாலும் சரி. வண்டி தானே நிற்கும், உங்கள் கால் அதற்குத் தேவையில்லை. உங்கள் காலுக்குப் பின்னாலேயே சக்கரம் வருகிறது என்பதை மறக்காதீர்கள். (என் செருப்பு சாட்சி.)

4. ரோட்டோரச் சரிவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தே போகும். கவிழப் போவதாகத் தோன்றும். வேகம் குறைவாக இருக்கும்வரை அந்தச் சின்னச் சரிவுக்கெல்லாம் கவிழாது. பைக் எந்தச் சரிவிலும் நிமிர்ந்து போகும், இது ரோடு எப்படியோ அப்படி. சட்டென்று மறுபக்கம் தாவாமல் அசையாமல் உட்காருங்கள்.

5. பள்ளத்தை ஒதுக்க முடியாது. பைக்குக்கு ஒரே தடம், இதற்குப் பின்னால் மூன்று தடம். ஒன்றை ஒதுக்கினால் இன்னொன்று விழும். ஸ்பீடு பிரேக்கரின் ஓரத்தில் புகுந்து போகிற வித்தையும் இதில் நடக்காது. "பாத்து ஓட்டக்கூடாதா" என்று பின்னாலிருந்து சொல்லும் முன் இதை யோசியுங்கள்.

6. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள். சேலை கட்டியவர்கள் ஒருபக்கமாக உட்கார்ந்தால் எடை முழுக்க ஒரு பக்கம் போகும், முந்தானை சக்கரத்தில் சிக்கவும் வாய்ப்பு உண்டு.

7. ரிவர்ஸ் இல்லாத வண்டி என்றால், இறங்கிப் பின்னால் இழுத்துவிடுவது உங்கள் பொறுப்பு. ஊன்றுகோலைப் பத்திரமாகப் பிடிப்பதும்தான். ஹெல்மெட்டும் உண்டு. சக்கரம் அதிகம் என்பதால் தலை கெட்டியாகிவிடாது.

இவ்வளவுதான். அரை மணி நேரம் காலி மைதானத்தில் சுற்றினால் வந்துவிடும். பிறகு ஏன் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை?

ஏனென்றால் இந்த வண்டியில் இரண்டாவது ஆள் ஒருவர் இருப்பார் என்று யாருமே நினைக்கவில்லை. மாமா வண்டிக்குச் சக்கரம் மாட்டிய பட்டறையில் அவருக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார்கள். கூடவே நின்ற அத்தையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தமிழ்நாட்டில் அரசே இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களை இலவசமாகக் கொடுக்கிறது, நல்ல திட்டம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பேப்பரில் வருகிற போட்டோவைப் பாருங்கள். வரிசையாக வண்டிகள், ஒவ்வொன்றிலும் ஒருவர், கையில் சாவி. பின்சீட்டு காலி. சட்டம் மட்டும் என்ன வாழ்ந்தது? 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தில் இந்த மாதிரி வண்டிக்கு 'இன்வாலிட் கேரியேஜ்' என்று பெயர். நோயாளி வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019-இல் திருத்தம் வந்துதான் அந்தப் பெயர் போய், மாற்றியமைக்கப்பட்ட வாகனம் என்ற பொருளில் வேறு பெயர் வந்தது. நோயாளி வண்டியில் யார் டபுள்ஸ் போவார்கள், சொல்லுங்கள்?

வெளிநாட்டில் சைட்கார் ரேஸ் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் மூன்று சக்கரம்தான். ஐல் ஆஃப் மேன் தீவில் 1923-லேயே நடத்தியிருக்கிறார்கள். உலக சாம்பியன்ஷிப் 1949-லிருந்து நடக்கிறது. அதில் கூட வருகிற ஆள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கிப் போட்டு வண்டி கவிழாமல் பார்த்துக்கொள்வார். ஜெயித்தால் மேடையில் இரண்டு பேரும் ஏறுவார்கள். சாயாத வண்டியில் பின்னால் இருப்பவர் சுமை இல்லை, பாதி ஓட்டுநர் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கு அவ்வளவு சாகசமெல்லாம் வேண்டாம். கொஞ்சம் சாய்ந்தால் போதும்.

"போலியோதான் ஒழிந்துவிட்டதே, இன்னும் கொஞ்ச வருஷத்தில் இந்த வண்டியே இருக்காது" என்று ஒரு நண்பன் வாதாடினான். போலியோ போனது உண்மை. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் யாருக்கும் பாதிப்பு இல்லை, 2014 மார்ச் 27-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றும் கொடுத்துவிட்டது. ஆனால் நான்குவழிச் சாலை விபத்து ஒழிந்ததா? சர்க்கரை வியாதியில் கால் எடுப்பது ஒழிந்ததா? எல்லாவற்றுக்கும் மேல், நாம் இருப்பது எந்த ஊர்? 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம்... தேதி சொன்னாலே நம் பக்கத்து ஆட்களுக்கு வயிறு கலங்கும். செத்தவர்களை எண்ணுகிறோம். 'படுகாயம்' என்ற ஒரு வார்த்தைக்குள் போய்விட்டவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, கடைக்கும் கோயிலுக்கும் எப்படிப் போய் வருகிறார்கள் என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? விருதுநகர் மாவட்டத்துக்காரன் இந்த வண்டியை அடுத்தவன் சமாச்சாரம் என்று சொல்லக்கூடாது. நாளைக்கு யார் வீட்டு வாசலில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

கோயில் என்றதும் ஞாபகம் வந்தது. ஆடி கடைசி வெள்ளிக்கு மாமா வீட்டில் இருக்கன்குடி போவார்கள். வண்டி வாங்கிய பிறகும் வருஷா வருஷம் நடந்தது என்ன தெரியுமா? அத்தை சாத்தூர் போய் பஸ் மாறி வருவார். மாமா வண்டியில் தனியாக வருவார். மாரியம்மன் கோயில் வாசலில் இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வார்கள். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடுமாம். ஒரே வீடு, ஒரே கோயில், காலியாக ஒரு பின்சீட்டு!

நான் மாமாவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, நம் வீடுகளில் அது பழக்கமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய், "மாமா, பின்னாடி உக்காரச் சொல்லிக் கொடுங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், பிறகு சாவியை எடுத்தார். அடுத்த ஞாயிறு அத்தையும் வந்தார், சுடிதார் போட்டுக்கொண்டு. முதல் ரவுண்டில் அவர் போட்ட சத்தத்தில் கிரிக்கெட் விளையாடிய பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாவது ஞாயிறு சத்தமில்லை. "இந்தத் திருப்பத்துல கொஞ்சம் மெதுவாப் போங்க" என்று அதிகாரம் செய்யும் அளவுக்கு வந்துவிட்டார் :-)

போன ஆடிக்கு இரண்டு பேரும் ஒரே வண்டியில் போய் வந்தார்கள்.

ஆகவே, சக்கரம் மாட்டுகிற பட்டறைக்காரர்களே, சாவி கொடுக்கிற அதிகாரிகளே, அடுத்த முறை இரண்டு பேரை வரச் சொல்லுங்கள். ஓட்டுபவருக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் பின்னால் உட்காருபவருக்கு அரை மணி நேரமாவது சொல்லிக்கொடுங்கள். பின்னால் பிடிக்க ஒரு கம்பி, கால் வைக்கச் சரியான இடம், இரண்டையும் கேட்காமலே மாட்டிக்கொடுங்கள்.

நண்பர்களே, உங்களுக்கு ஒன்றே ஒன்றுதான். சைடு வீல் வண்டிக்காரர் யாராவது "வாங்க, கொண்டு விடுறேன்" என்று சொன்னால், 'சிரமம்' என்ற வார்த்தையை எடுக்காதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கை இரண்டு என்று இருக்கிறதா என்று வேண்டுமானால் கேளுங்கள். பயமாக இருந்தால் "பயமா இருக்கு, மெதுவாப் போங்க" என்று சொல்லுங்கள், அதில் ஒரு கேவலமும் இல்லை. சொல்லிவிட்டு ஏறி உட்காருங்கள்.

திருப்பம் வந்தால் சாய மறக்காதீர்கள்.