கண்டனம் என்றால் என்ன?

நூம்பலிலோ பூந்தமல்லியிலோ ஒரு கூட்டம் கூடினால், “வன்மையாகக் கண்டிக்கிறது” என்று ஒரு தீர்மானம் வாசிக்காமல் கலைவதில்லை. ஜனங்களும் கைதட்டிவிட்டு வீடு போய்ச் சேருகிறார்கள். கண்டிக்கப்பட்ட காரியமோ மறுநாள் காலையில் வழக்கம்போல் நடக்கிறது. ஆகவே தோழர்களே, இச்சொல்லின் அர்த்தமென்ன, உபயோகமென்ன என்பதைச் சற்று யோசிப்போம்.

கண்டனம் என்பது வடமொழிச் சொல். வெட்டுதல், உடைத்தல் என்பதே அதன் பொருள். தர்க்கக்காரர்கள் எதிரியின் வாதத்தை உடைப்பதைக் கண்டனம் என்றும், தங்கள் கட்சியை நிலைநாட்டுவதை மண்டனம் என்றும் சொன்னார்கள். எனவே காரணம் காட்டாமல் வைவது வசவாகுமே ஒழியக் கண்டனமாகாது. நம் லோக்சபையிலும் இவ்வித்தியாசம் உண்டு. நம்பிக்கையில்லாத் தீர்மானத்திற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கண்டனத் தீர்மானத்திலோ இன்ன குற்றம் என்று எழுதியே தீரவேண்டும்.

சரி, காரணம் சொன்னால் மாத்திரம் போதுமா? 1919 ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலா பாக்கில் ஜனங்களைச் சுட்டுத் தள்ளிய டையரை, 1920இல் ஹண்டர் கமிட்டி காரணத்தோடுதான் கண்டித்தது. அவருடைய உத்தியோகம் போயிற்று. ஆனால் எந்தக் கோர்ட்டும் அவரைத் தண்டிக்கவில்லை. பிரபுக்கள் சபை அவருக்கு அநீதி இழைக்கப்பட்டதாகத் தீர்மானம் செய்தது. லண்டனில் ‘மார்னிங் போஸ்ட்’ பத்திரிகை நிதி திரட்டி 26,000 பவுனுக்குமேல் அவருக்குக் கொடுத்தது. கண்டனத்தின் கதி இதுவானால் கொலைகாரனுக்கு அதனால் என்ன நஷ்டம்?

இதற்கு மாறாக நம் நாட்டுச் சேரமாதேவி குருகுலத்தைப் பாருங்கள். வ.வே.சு. அய்யர் பொதுப்பணம் பெற்று நடத்திய அந்த இடத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி நடந்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ராமசாமியும் வெறுங் கூச்சலோடு நிற்கவில்லை. காங்கிரஸ் ரூ. 10,000 தருவதாகச் சொல்லி ரூ. 5,000 கொடுத்திருந்தது, மீதிப் பணத்தைத் தர ஈ.வெ.ராமசாமி மறுத்தார். 1925இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியில் எஸ். இராமநாதன், தேசியத் தொண்டு செய்யும் எந்த ஸ்தாபனத்திலும் பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அது நிறைவேறியதும் இராஜகோபாலாச்சாரியார் முதலிய சிலர் ராஜிநாமாச் செய்தார்கள். இதுவல்லவோ கண்டனம்! ஆளைத் திட்டுவதல்ல, வழக்கத்தைக் குறிப்பிட்டு, அது தப்பென்பதற்குக் கொள்கையைச் சொல்லி, அதற்குப் போகும் பணத்தை அடைப்பது.

இன்றைக்கு வருவோம். தீண்டாமை ஒழிந்ததென்று அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு 1950 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. மேடையில் இரட்டைக் குவளையைக் கண்டிப்பவர், அப்படி நடக்கும் கடையிலேயே டீ குடிப்பாரானால், அவர் கொடுக்கும் காசு அக்கடைக்காரனுக்கு ஆதரவுத் தீர்மானமல்லவா? ஜாதியைக் கண்டிப்பவர் தம் மகனுக்கு ஜாதி பார்த்துப் பெண் தேடினால், கண்டிக்கப்பட வேண்டியவர் யார்?

ஆகவே இனி எவர் கண்டனத் தீர்மானம் வாசித்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எதைக் கண்டிக்கிறீர்? ஏன் கண்டிக்கிறீர்? நாளை முதல் நீர் எதை நிறுத்தப் போகிறீர்? மூன்றாவதற்குப் பதில் இல்லையானால், கை தட்டாமல் எழுந்து வாருங்கள்.