இறாலுக்கு விலை கடலா?

இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிப்பார்கள் என்பது பழமொழி. இன்றோ முறை தலைகீழாகிவிட்டது. இறாலைப் பெறுவதற்காகக் கடலையே இரையாக்கிக் கொண்டிருக்கிறோம்! இந்த வாணிபத்தில் இலாபம் யாருக்கு, இழப்பு யாருக்கு என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்துத் தோழர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் மாவட்டத்துக் கடற்கரை ஏறத்தாழ 43 கிலோமீட்டர் நீளமுடையது. கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என அடுக்கடுக்காய் ஊர்கள். அவற்றின் முன்னே கிடப்பது பாக் விரிகுடா. வங்கக் கடலின் ஆழமும் ஆர்ப்பரிப்பும் அதற்கில்லை. சராசரி ஆழம் ஏறத்தாழ 9 மீட்டர்தான். வளர்ந்த பனை ஒன்றை அங்கே நட்டால் தலை நீருக்கு மேலே தெரியும்! தெற்கே இராமேசுவரமும் மணல் திட்டுகளும் மறித்து நிற்பதால், நீர் தாராளமாகப் போய்வரவும் வழியில்லை.

ஆழமற்ற அந்த அமைதியே அதன் செல்வம். கதிரவன் ஒளி அடித்தரை வரை பாய்வதால் கடற்புல் தழைக்கிறது. அந்தப் புல்வெளியில் நண்டும் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. ஆவுளியா என்னும் கடற்பசு மேய்கிறது. அதைக் காக்கவே தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் காப்பகமாக அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் வரைபடத்தில் கோடு கிழித்துவிட்டால், அழுக்கு அந்தக் கோட்டருகே வந்து கைகட்டி நின்றுவிடுமா?

இறால் குட்டையிலிருந்து வெளியேறும் நீரில் தின்னாத தீவனமும் இறாலின் கழிவும் கலந்திருக்கின்றன. வாய்க்கால் வழியே கடலை அடைந்ததும் அவை மறைந்து போவதில்லை. அடியில் படிந்து சேறாகின்றன. அந்தச் சேறு அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்கிறது. கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசுகிறது. அதில் தேங்கிய சத்துகளால் பாசி பெருகி நீர் கலங்குகிறது; வெயில் கிட்டாமல் கடற்புல் மடிகிறது. காற்று பலமாக அடித்தாலும், இழுவைமடி அடித்தரையை வாரிச் சென்றாலும், படிந்த அழுக்கு மீண்டும் எழுகிறது. பழைய கடனுக்கு வட்டி கட்டுவது போல், என்றோ கொட்டிய கழிவுக்குக் கடல் இன்றும் கப்பம் கட்டுகிறது!

‘சேற்றை வாரி எடுத்தால் தீர்ந்தது’ என்பார் உளர். ஜப்பானைப் பாருங்கள். மினமாட்டா விரிகுடாவில் ஓர் இரசாயன ஆலை பாதரசக் கழிவைக் கொட்டியது. மீனை உண்ட மக்கள் நரம்பு நோயால் துடித்ததை 1956இல் உலகம் அறிந்தது. அந்தச் சேற்றை அகற்றிப் புதைக்க 1977 முதல் 1990 வரை உழைத்தார்கள். 4,850 கோடி யென் செலவிட்டார்கள். நம் கழிவு அத்தகைய நஞ்சன்று. ஆயினும் பாடம் ஒன்றே. கொட்டுவது எளிது, வாருவது அரிது! அன்றியும், நம் கடலில் சேற்றை வாரினால் கடற்புல்லும் வேரோடு வந்துவிடும். எனவே சுத்திகரிப்பு கடலில் அன்று, வாய்க்காலில் தொடங்க வேண்டும்.

சட்டம் இல்லையா? சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தெளிவாகத் தீர்ப்பளித்தது: மாசுபடுத்தியவரே பாதிக்கப்பட்டோர்க்கு ஈடும் தரவேண்டும், சீர்கெட்ட சூழலை மீட்கும் செலவையும் ஏற்கவேண்டும் என்று. பின் நடந்ததென்ன? 2005இல் பாராளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், பதிவு பெற்ற பண்ணைகளைக் கடற்கரை ஒழுங்குமுறைத் தடையிலிருந்து விலக்கியது. 2023இல் திருத்தம் வந்தது. சிறைத்தண்டனை போயிற்று, அபராதம் நின்றது. கட்டுமரக்காரன் இழந்த வலைப்பாட்டை எந்த அபராதம் ஈடுகட்டும்?

இறால் வளர்ப்பே கூடாதென நாம் கூறவில்லை. அது அந்நியச் செலாவணி ஈட்டுகிறது. பலருக்குப் பிழைப்பும் தருகிறது. ஆனால் வருவாய் தனியாருக்கு, வாருகால் பொதுக்கடலுக்கு என்ற கணக்கு நியாயமன்று. பெரிய பண்ணைகள் கழிவுநீரைத் தேக்கித் தெளியவிட வேண்டுமென்று விதி உண்டு. சிறு பண்ணைகள் பல சேர்ந்து ஒரே வாய்க்காலில் விடும் நீரை யார் தெளியவைப்பது?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. வாய்க்கால் தோறும் பொதுத் தெளிகுட்டை அமைக்கப்படட்டும். பண்ணையாளர் தத்தம் பரப்புக்கேற்பச் செலவை ஏற்கட்டும். நீரை மட்டுமன்றிச் சேற்றையும் ஆண்டுதோறும் சோதிக்கட்டும். நீர் இன்றைய அழுக்கைச் சொல்லும், சேறோ பல்லாண்டுக் கணக்கைச் சொல்லும். அந்த முடிவுகள் கோட்டை அலமாரியில் உறங்காமல், மீனவ ஊர்களின் கிராம சபையில் தமிழில் படிக்கப்படட்டும்.

தோழர்களே! வயலுக்குப் பட்டா உண்டு. குட்டைக்குப் பத்திரம் உண்டு. கடலுக்கு இரண்டுமில்லை. ஆதலால் அதற்காகப் பேசவேண்டியவர்கள் நாம். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள்: எங்கள் கடலின் அடித்தரையில் என்ன படிந்திருக்கிறது? அதை அகற்றும் செலவு யாருடையது?