கூலிட்ஜ் ஏங்க மெடலை வேண்டாம்னாரு?

பல்புன்னா எடிசன், எக்ஸ்ரேன்னா ராண்ட்ஜன். ஸ்கூல்ல நமக்குச் சொல்லிக் கொடுத்தது அத்தோட சரி. இந்த ரெண்டையும் உருப்படியா வேலை செய்ய வெச்ச வில்லியம் டேவிட் கூலிட்ஜ் பேரு எத்தனை பேருக்குத் தெரியும்? 1873ல பொறந்து 1975 வரைக்கும், 101 வயசு வாழ்ந்த அமெரிக்கர்.

எடிசன் பல்புல இருந்தது கார்பன் இழை. டங்ஸ்டன் போட்டா வெளிச்சம் ஜாஸ்தி, கரண்டும் மிச்சம். 3400 டிகிரி செல்சியஸைத் தாண்டினாத்தான் உருகும். ஆனா ஆறின டங்ஸ்டனை வளைச்சா அப்பளம் மாதிரி நொறுங்கிடும். 1905ல ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்துல சேர்ந்த கூலிட்ஜ், வருஷக்கணக்கா இதோட மல்லுக்கட்டினார். பொடியை அழுத்திக் கட்டியாக்கி, பழுக்கக் காய்ச்சி, அடி அடின்னு அடிச்சு, சூட்டைப் படிப்படியா குறைச்சு, கடைசியா வைர அச்சுல இருக்கற துளை வழியா கம்பியா இழுத்தார். சாதாரணமா உலோகத்தை இப்படி அடிச்சா இறுகிப்போய் முறியப் பார்க்கும். டங்ஸ்டன் அப்படியே தலைகீழ். அடி வாங்க வாங்க, ஆறின பிறகும் வளையற கம்பியாச்சு! 1910 வாக்குல வித்தை கைவந்துடுச்சு, 1913 டிசம்பர்ல காப்புரிமையும் கெடைச்சுது.

அதே 1913லதான் எக்ஸ்ரே குழாயும். பழைய குழாய்ல கொஞ்சமாவது வாயு இருக்கணும். அது கூடும் குறையும், கதிரும் அதுக்கேத்த மாதிரி மாறும். ஒவ்வொரு குழாய்க்கும் ஒவ்வொரு குணம்! கூலிட்ஜ் வாயுவை முடிஞ்ச மட்டும் உறிஞ்சி எடுத்துட்டு, சூடான டங்ஸ்டன் இழையிலேர்ந்து எலக்ட்ரானை வரவழைச்சார். இழையோட சூடு கதிரோட அளவைத் தீர்மானிக்கும், வோல்டேஜ் ஊடுருவற சக்தியை. ரெண்டையும் தனித்தனியா திருப்பிக்கலாம். இன்னிக்கு சி.டி. ஸ்கேன் மெஷினுக்குள்ள இருக்கறதும் பெரும்பாலும் இதே தத்துவம்தான்.

இனிமேதான் விஷயமே. டங்ஸ்டன் காப்புரிமையை வெச்சு ஜெனரல் எலெக்ட்ரிக், டி ஃபாரஸ்ட் ரேடியோ கம்பெனி மேல கேஸ் போட்டுச்சு. காப்புரிமை செல்லாதுன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. 1928ல அப்பீல்லயும் அதேதான். வளையறது டங்ஸ்டனோட இயற்கையான குணம், அதைக் கண்டுபிடிச்சவர் உண்டாக்கினவர் ஆகமாட்டார்ங்கறது வாதம்.

என்னைக் கேட்டா கோர்ட்டு சொன்னது சரி. வித்தை உங்களோடது சார், உலோகம் உங்களோடது இல்லை. 2013ல அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதே வழியிலதான் போச்சு. மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் காட்டற மரபணுக்களைத் தனியா பிரிச்செடுத்ததுக்காக ஒரு கம்பெனி அதுக்குச் சொந்தம் கொண்டாட முடியாதுன்னு தீர்ப்பு. அதுவரைக்கும் அந்தச் சோதனையை இன்னொரு லேப்ல செஞ்சு சரிபார்த்துக்கணும்னாக்கூட அங்கத்திப் பொம்பளைங்களுக்கு வழியில்லாம இருந்துச்சு. இயற்கைக்குப் பட்டா போட்டா இதான் கதி.

எனக்கு ஒத்துவராதது கூலிட்ஜ் செஞ்ச காரியம். 1926ம் வருஷத்துக்கான எடிசன் மெடலை அவருக்குக் கொடுக்க முன்வந்தாங்க. காப்புரிமைதான் செல்லாதுன்னு ஆயிடுச்சே, எனக்கெதுக்குன்னு மறுத்துட்டார். ரொம்பப் பெரிய மனுஷத்தனம், ஒத்துக்கறேன். ஆனா கணக்கு தப்புங்க. காப்புரிமைங்கறது மத்தவன் செய்யக்கூடாதுன்னு தடுக்கற அதிகாரம். மெடல், இவர் செஞ்சாருங்கறதுக்கு சாட்சி. தடுக்கற அதிகாரம் போயிட்டா செஞ்ச வேலையும் போயிடுமா என்ன? கோர்ட்டு அப்படிச் சொல்லவே இல்லையே. அவரா தன் தலையில எழுதிக்கிட்டார்.

1927க்கு அதே மெடலை மறுபடி நீட்டினாங்க. இந்த தடவை வாங்கிக்கிட்டார். யாரோ வீட்டுல நல்லா எடுத்துச் சொல்லியிருப்பாங்க போல :-)