காரீயத்தின் மேற்பரப்பு

பென்சிற் கூரிலுள்ள காரீயமே கைத்தொலைபேசி மின்கலத்திலும் உண்டென்றால் மாணவர் சிலர் வியப்புறக்கூடும். காபன் அணுக்கள் தாள் தாளாய் அடுக்கப்பட்ட பொருள் அது. மின்னேற்றும்போது இலிதிய அயன்கள் அத்தாள்களினிடையே புகுந்து தங்கும். ஆறு காபன் அணுவுக்கு ஓர் இலிதியம் என்பதே எல்லை. மின்னைப் பயன்படுத்துகையில் அவை வெளியேறும்.

இடர் விளைவது மேற்பரப்பிலேயே. முதன்முறை மின்னேற்றும்போது அங்கே திரவம் சிதைந்து மென்படலமாகப் படிகிறது. அப்படலம் வேண்டியதே, இல்லையேல் திரவம் ஓயாது சிதையும். ஆனால், அதனை ஆக்கச் செலவான இலிதியம் மீளாது. மேற்பரப்பு கரடுமுரடாகவும் மாசுற்றும் இருப்பின் முதல் நாளே நட்டம்!

ஆதலால், காரீயத் துகளுக்கு வேறொரு காபனால் மெல்லிய மேலுறை இடுகின்றனர். மற்றொரு வழி, மிதமாக ஒட்சியேற்றி, விளிம்பிலுள்ள நிலையற்ற அணுக்களை அகற்றுதல். பதம் தப்பினால் நல்ல காபனும் அழியும். அடுப்படியில் நிற்போர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் பாறை வெடிப்புகளூடே நரம்புபோல் ஓடும் இலங்கைக் காரீயம் தூய்மைக்குப் பெயர்பெற்றது. நெடுங்காலம் கட்டியாகவே கப்பலேறிய பொருள்! அதனை நம் நாட்டு ஆய்வாளரும் மிதமாக ஒட்சியேற்றிச் சோதித்தனர். திருத்திய காரீயம் திருத்தாததினும் மேம்பட்டு இயங்கியது.